ஹார்மோன் சாதனமும் பெண்களின் மனத்திருப்தியும்

ஒரு கர்ப்பத்தடை முறையை எடைபோட முற்பட்ட விஞ்ஞானம் முதலில் கேட்ட கேள்வி, அது கருவுறுதலைத் தடுக்கிறதா என்பது. அடுத்துக் கேட்ட கேள்வி, அதனால் தேகத்துக்குத் தீங்கு நேருமா என்பது. அந்தச் சாதனத்தைத் தன் உடலுக்குள் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வாழவேண்டிய பெண்ணுக்கு அதில் திருப்தி உண்டா என்ற மூன்றாவது கேள்விக்கோ வெகுகாலம் வரையில் ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் உரிய ஆசனம் கிடைக்கவில்லை. முதல் இரண்டுக்கும் எண்ணிக்கையில் விடை சொல்லிவிடலாம். நூறு பேரில் எத்தனை பேர் கருவுற்றார்கள், எத்தனை பேருக்கு ரணம் உண்டாயிற்று என்று கணக்கெழுதிவிடலாம். திருப்தியோ மனத்தின் விஷயம். யாரிடம் கேட்கிறோம், எப்போது கேட்கிறோம், எந்த வார்த்தைகளைக் கொண்டு கேட்கிறோம் என்பவற்றுக்கேற்ப விடை நிறம் மாறும். அப்படியிருந்தும், ஒரு சாதனம் உலகில் நிலைப்பதும் நிலையாமற் போவதும் இந்த மூன்றாவது கேள்வியையே பெரிதும் பொறுத்தது என்பதற்கு நம்முடைய தேசத்தின் அனுபவமே போதிய சாட்சியாகும்.

1965-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தன் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 'லூப்' என்று ஜனங்கள் அழைத்த லிப்பஸ் வளையத்தைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து வைத்தியர் ஜாக் லிப்பஸ் வகுத்த, கர்ப்பப்பைக்குள் வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் வளையம் விலை குறைந்தது. சில நிமிஷங்களில் பொருத்திவிடக்கூடியது. தினமும் நினைவாகச் செய்யவேண்டிய காரியம் எதையும் பெண்ணின் மேல் சுமத்தாதது. ஆரம்பத்தில் லட்சக்கணக்கான பெண்களுக்கு அது பொருத்தப்பட்டது. திட்டமிட்டவர்களின் நம்பிக்கையும் வானளாவ உயர்ந்தது. ஆனால் சில வருஷங்களுக்குள்ளேயே அந்த வேகம் சரிந்துவிட்டது. பொருத்திக்கொண்டவர்களில் பலருக்கு மாதாந்தர உதிரப்போக்கு அதிகரித்தது. அடிவயிற்றில் வலி கண்டது. இவை நேரக்கூடியவை என்று முன்கூட்டி எடுத்துச் சொல்லவும், நேர்ந்த பிறகு கூப்பிட்டு விசாரிக்கவும் போதிய ஆட்கள் இல்லை. முன்னறிவிப்பின்றி அதிக உதிரத்தைக் கண்ட பெண் தனக்குள் ஏதோ அறுந்துவிட்டது என்று அஞ்சினாள். அவளுடைய அச்சம் கிணற்றடிக்கும் வயல் வரப்புக்கும் பரவிற்று. கருவுறுதலைத் தடுக்கும் சக்தியில் அந்த வளையத்துக்குப் பெரிய குறை இருந்ததென்று சொல்ல முடியாது. பெண்களின் மனத்தில் இடம்பிடிக்க அதனால் இயலவில்லை என்பதே அதன் தோல்வி.

உதிரப்போக்கை அதிகப்படுத்துவதற்குப் பதிலாகக் குறைக்கும் ஒரு சாதனத்தைச் செய்யமுடியுமா என்ற எண்ணம் இந்தப் பின்னணியில்தான் வலுப்பெற்றது. கர்ப்பப்பைக்குள்ளேயே புரோஜெஸ்ட்டிரோன் என்னும் ஹார்மோனைச் சிறுகச் சிறுகக் கசியவிடலாம் என்று சிகாகோ நகரத்து வைத்தியர் அன்டோனியோ ஸ்கொமெக்னாவும் அவருடைய சகாக்களும் 1970-ல் எடுத்துக்காட்டினார்கள். அதன் அடிப்படையில் 1976-ல் 'புரோஜெஸ்டாசெர்ட்' என்னும் சாதனம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இயற்கை ஹார்மோன் சீக்கிரம் தீர்ந்துபோவதால் அதை ஆண்டுதோறும் மாற்றவேண்டியிருந்தது. அந்தச் சிரமமே அதன் ஆயுளைச் சுருக்கிற்று. அப்போது பின்லாந்து தேசத்து வைத்தியர் டாபனி லூக்கைனன், நியூயார்க்கிலுள்ள பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து, இயற்கை ஹார்மோனுக்குப் பதிலாக, மிகச் சிறு அளவிலேயே வேலை செய்யும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற செயற்கைப் பொருளைத் தேர்ந்தெடுத்தார். துர்கு நகரத்து லெய்ராஸ் என்னும் மருந்துக் கம்பெனி தயாரித்த அந்தச் சாதனம் நீண்ட பரீட்சைகளுக்குப் பின் 1990-ல் முதன்முதலாகப் பின்லாந்தில் அனுமதி பெற்றது. மிரெனா என்ற பெயரில் இன்று உலகமறிந்தது அதுவே. அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி கிடைக்க மேலும் பத்து வருஷம் சென்றது.

கையில் எடுத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய பொருள். ஆங்கில 'டி' எழுத்தைப்போன்ற வெண்மையான பிளாஸ்டிக் சட்டம். நீளமும் அகலமும் 32 மில்லிமீட்டர். எக்ஸ்-ரே படத்தில் புலப்படுவதற்காகப் பேரியம் சல்பேட் கலந்து செய்யப்பட்டது. அதன் தண்டைச் சுற்றி ஓர் உறை. அந்த உறைக்குள் 52 மில்லிகிராம் மருந்து. தண்டின் அடியில், பின்னால் இழுத்து எடுப்பதற்கென்று பழுப்பு நிறத்தில் இரண்டு மெல்லிய இழைகள். ஆரம்பத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் மருந்து அதிலிருந்து கசிகிறது. ஐந்து வருஷம் செல்லும்போது அது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கப்படும் மாலா-என் மாத்திரை ஒன்றில் இதே மருந்து 150 மைக்ரோகிராம் இருக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் அளவின் சூட்சுமம் விளங்கும். மாத்திரையின் மருந்து ரத்தத்தின் வழியாக உடல் முழுவதும் சுற்றிவந்து கர்ப்பப்பையை அடைய வேண்டும். இங்கோ மருந்து வேலை செய்யவேண்டிய ஸ்தலத்திலேயே சுரக்கிறது. ரத்தத்திலும் சிறிது கலக்கத்தான் செய்கிறது. அந்தச் சிறிதின் விளைவுகளைப் பின்னால் காண்போம்.

மருந்து செய்யும் காரியம் பிரதானமாக இரண்டு. கர்ப்பப்பையின் வாயிலுள்ள சளியை அது கெட்டியாக்கி, விந்தணுக்கள் மேலேறிச் செல்லாதபடி வழியை அடைக்கிறது. கர்ப்பப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் தடித்து வளர்வதையும் அது தடுத்துவிடுகிறது. சினைப்பையின் வேலையைப் பெரும்பாலான பெண்களிடத்தில் அது நிறுத்துவதில்லை. கருமுட்டை முதிர்வதும் வெளிப்படுவதும், பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் சுரப்பதும் வழக்கம்போல் நடந்துகொண்டேயிருக்கும். ஆனால் உட்சவ்வு வளராதபடியால் மாத முடிவில் உதிர்வதற்கு அங்கே ஒன்றும் சேர்ந்திருப்பதில்லை.

இங்கேதான் திருப்தியின் கதை ஆரம்பமாகிறது. சாதனம் பொருத்தப்பட்ட பின் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரையில், எந்த நாளென்று சொல்லமுடியாதபடி துளித்துளியாக உதிரம் படும். சில பெண்களுக்கு மாதத்தில் பாதி நாட்கள்கூடத் துணியில் கறை காணும். பிறகு உதிரத்தின் அளவு குறைந்துகொண்டே போகிறது. அதிக உதிரப்போக்கினால் வருந்திய 20 பெண்களை ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்களான ஆண்டர்சனும் ரீபோவும் கவனித்து 1990-ல் வெளியிட்ட முடிவின்படி, மூன்றாம் மாதத்தில் உதிரத்தின் அளவு நூற்றுக்கு 86 பங்கும், ஓராண்டில் 97 பங்கும் குறைந்திருந்தது. சாதாரண அளவில் உதிரம் காணும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மாதவிலக்கே நின்றுவிடுகிறது.

மாதவிலக்கு நின்றுபோவது ஒருத்திக்கு விடுதலை, மற்றொருத்திக்குத் திகில். மாதாமாதம் வெளியேற வேண்டிய கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டால் அது தலைக்கேறும், கட்டியாகும், உடம்பு ஊதிப்போகும் என்ற எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் வேரோடியிருக்கிறது. படித்த வீடுகளிலும் அது முற்றிலும் மறைந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. விருந்தாளி வரப்போவதில்லையென்று தெரிந்த வீட்டில் பாய் விரிப்பதில்லை. விரிக்காத பாயைச் சுருட்டி எடுத்துவைக்கும் வேலையுமில்லை. உட்சவ்வு வளராத கர்ப்பப்பையின் நிலைமையும் அதுவே என்று பொருத்துவதற்கு முன் ஒருவர் அமர்ந்து ஐந்து நிமிஷம் எடுத்துச் சொன்னாரானால், அதே நிகழ்ச்சி அந்தப் பெண்ணுக்கு வேறோர் அர்த்தத்தைத் தரும். சொல்லாமல் விட்டாலோ, மாதம் தவறிய ஒவ்வொரு தடவையும் கர்ப்பம் தரித்துவிட்டதோ என்ற கவலை வேறு வந்து சேரும்.

இவ்வாறு முன்கூட்டிச் சொல்வதற்கும் பின்னால் உண்டாகும் திருப்திக்கும் உள்ள சம்பந்தத்தை அளந்து பார்த்த பெருமையும் பின்லாந்தையே சாரும். அங்கே 1990-க்குப் பின் முதல் சில ஆண்டுகளில் இந்தச் சாதனத்தைப் பொருத்திக்கொண்ட பெண்களுக்குத் தபால் மூலம் கேள்வித்தாள்கள் அனுப்பப்பட்டன; ஏறக்குறைய 18,000 பேர் அவற்றைப் பூர்த்தி செய்து திருப்பியனுப்பினார்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கு வரும் சில நூறு பேரை மட்டும் விசாரிக்காமல், ஒரு சிறிய தேசம் முழுவதிலும் உள்ள உபயோகிப்பாளரைத் தேடிப்போய்க் கேட்ட முயற்சி அது. சாதனத்தைத் தொடர்ந்து வைத்துக்கொண்டவர்கள் முதலாம் ஆண்டு முடிவில் நூற்றுக்கு 93. இரண்டாம் ஆண்டில் 87. மூன்றாம் ஆண்டில் 81. நான்காம் ஆண்டில் 75. ஐந்தாம் ஆண்டில் 65. முன்னதாகவே எடுத்துவிட்டவர்களின் காரணங்களில் அதிக உதிரப்போக்கு முக்கியமானது. மாதவிலக்கு நின்றுபோன பெண்களோ எடுத்துவிடாமல் வைத்துக்கொண்டவர்களின் பக்கமே அதிகமாக இருந்தார்கள்.

இதே கேள்வித்தாள்களைக் கொண்டு பாக்மன் என்னும் ஆராய்ச்சியாளரும் சகாக்களும் 2002-ல் வெளியிட்ட இரண்டாவது முடிவு என் அபிப்பிராயத்தில் இந்த விஷயம் முழுவதற்கும் திறவுகோலாகும். மாதவிலக்கு தவறக்கூடும், உதிரம் ஒழுங்கின்றிப் படக்கூடும், சருமத்திலும் கேசத்திலும் எண்ணெய்ப் பசை கூடலாம், தொற்று ஏற்படலாம் என்றெல்லாம் முன்னதாகவே சொல்லப்பட்டிருந்த பெண்கள், சொல்லப்படாதவர்களைவிடத் தெளிவாக அதிகத் திருப்தி தெரிவித்தார்கள். இவற்றுள்ளும் மாதவிலக்கு நின்றுபோகலாம் என்ற ஒரு செய்திக்கும் திருப்திக்கும் உள்ள சம்பந்தமே எல்லாவற்றிலும் வலுவாயிருந்தது. அதைக் கேட்டறிந்தவர்கள் திருப்தியுறும் சாத்தியம் கேட்டறியாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணக்கிட்டார்கள். எல்லோருக்கும் சாதனம் ஒன்றே. அதிலுள்ள மருந்தும் ஒன்றே. வேறுபட்டது பொருத்துவதற்கு முன் நடந்த சம்பாஷணை மாத்திரம். ஆயினும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். வருஷங்கள் சென்றபின் நினைவிலிருந்து சொன்ன விடைகள் இவை. மனம் நிறைந்தவள் தன் வைத்தியர் எல்லாம் சொன்னார் என்று நினைவுகூர்வதும், மனம் கசந்தவள் எனக்கு எவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைப்பதும் மனித சுபாவம். ஐந்து மடங்கு என்ற எண்ணில் ஒரு பகுதி இந்த ஞாபகத்தின் சாய்வாக இருக்கலாம். அதைக் கழித்துவிட்டாலும் எஞ்சுவது அற்பமல்ல என்றே நான் நம்புகிறேன்; ஏனெனில் லூப் வளையத்தின் சரித்திரம் அதே பாடத்தை எதிர்ப்புறத்திலிருந்து காட்டுகிறது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2007 முதல் 2011 வரையில் நடத்திய 'சாய்ஸ்' திட்டத்தில் 9,256 பெண்கள் சேர்ந்தார்கள். எல்லா முறைகளையும் விளக்கிச் சொல்லி, விரும்பியதை இலவசமாகக் கொடுத்து, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளவும் இடமளித்தார்கள். ஓராண்டு சென்றபின் ஹார்மோன் சாதனத்தைத் தேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 86 பேர் திருப்தி தெரிவித்தார்கள். ஹார்மோன் இல்லாத தாமிரச் சாதனமான காப்பர்-டி தேர்ந்தவர்களில் 80 பேர். தினசரி மாத்திரை தேர்ந்தவர்களில் 54 பேர். இந்த எண்களைப் பலர் சாதனத்தின் வெற்றியாக மாத்திரம் எடுத்துக் காட்டுகிறார்கள். பணத்தைப் பற்றிய கவலை நீங்கிய நிலையில், விளக்கம் பெற்று, தானே தேர்ந்தெடுத்து, மாற்றிக்கொள்ளும் உரிமையும் கையிலிருந்த பெண்களின் விடை இது என்பதை மறந்துவிட்டு, அந்த 86-ஐ வேறோர் ஊருக்கும் வேறோர் ஆஸ்பத்திரிக்கும் அப்படியே எடுத்துச் செல்வது நியாயமாகாது.

கர்ப்பத்தடையை உத்தேசிக்காமல், தாங்கமுடியாத உதிரப்போக்குக்குச் சிகிச்சையாக இதைப் பொருத்திக்கொள்ளும் பெண்களிடத்தில் திருப்தியின் தன்மை இன்னும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. பின்லாந்தில் அத்தகைய 236 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சாதனமும் மற்றதற்குக் கர்ப்பப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையும் அளித்து, ஹுர்ஸ்கைனன் குழுவினர் ஐந்து வருஷம் கவனித்தார்கள். ஐந்து வருஷத்துக்குள் சாதனக் கூட்டத்தில் நூற்றுக்கு 42 பேர் முடிவில் அறுவை சிகிச்சையே செய்துகொண்டார்கள். இதை மட்டும் பார்ப்பவர் சாதனம் தோற்றுவிட்டது என்று தீர்மானிப்பார். ஆனால் தாங்கள் பெற்ற சிகிச்சையைப்பற்றிக் கேட்டபோது, சாதனக் கூட்டத்தில் நூற்றுக்கு 94 பேரும் அறுவைக் கூட்டத்தில் 93 பேரும் திருப்தியென்றே சொன்னார்கள். முதலில் லேசான வழியைச் சோதித்துப் பார்க்கவும், அது உதவாவிட்டால் கடினமான வழிக்குச் செல்லவும் அவகாசம் கிடைத்ததையே அந்தப் பெண்கள் மதித்தார்கள் என்று நான் பொருள்கொள்கிறேன். இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடும் வழக்கம் பரவிவரும் நம் நாட்டில், எடுப்பதற்கு முன் இப்படியும் ஒரு வழி உண்டு என்ற செய்தி எத்தனை பெண்களின் காதுக்கு எட்டுகிறது என்று எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது.

இங்கிலாந்தில் 571 பெண்களைக்கொண்டு நடத்தி 2013-ல் வெளிவந்த 'எக்லிப்ஸ்' ஆராய்ச்சி இன்னொரு நல்ல காரியம் செய்தது. எவ்வளவு உதிரம் போகிறதென்று அளப்பதைப் பிரதானமாகக் கொள்ளாமல், உதிரப்போக்கு அந்தப் பெண்ணின் வாழ்வை எப்படித் தொடுகிறது என்று ஆறு விதமாகக் கேட்டது: துணி நனைந்துவிடுமோ என்பதுபோன்ற நடைமுறைத் தொல்லைகள், வெளியே சென்று நாலு பேரோடு பழகுதல், மனநிலை, தேகநிலை, வேலை, குடும்ப வாழ்க்கை. இரண்டு ஆண்டுகள் சென்றபின், வழக்கமான மருந்துகளைப் பெற்ற கூட்டத்தைவிடச் சாதனக் கூட்டம் நூறு புள்ளி அளவுகோலில் சுமார் 13 புள்ளி அதிக முன்னேற்றம் கண்டிருந்தது. கூடுதல் துணி எடுத்துவைக்காமல் பஸ் ஏறமுடிகிறதா என்பதும் வைத்திய விஞ்ஞானத்தின் விஷயம்தான் என்பதை இந்த அளவுகோல் ஒப்புக்கொண்டது.

திருப்தி அடையாதவர்களைப்பற்றி எழுதாமல் இந்த அத்தியாயம் நேர்மையாகாது. பொருத்தும்போது கர்ப்பப்பையின் வாயைக் கருவியால் பற்றிப் பிடித்து, மெல்லிய கோலால் உள்ளாழத்தை அளந்து, பிறகே சாதனத்தைச் செலுத்துவார்கள். அந்தச் சில நிமிஷங்கள் ஒரு பெண்ணுக்குச் சுளுக்குப் பிடித்தாற்போல் கழிந்துவிடும், மற்றொரு பெண்ணுக்கு உயிரே போகிறாற்போல் இருக்கும். 'கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்' என்று சொல்லி வலியைச் சிறுமைப்படுத்தும் வழக்கம் உலகெங்கும் இருந்துவந்தது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2024-ல்தான் தன் வழிகாட்டியைத் திருத்தி, வலியைப்பற்றி முன்னதாகப் பேசவேண்டும், உணர்ச்சி மரத்துப்போகச் செய்யும் மருந்து உதவக்கூடும் என்று விரிவாக எழுதிற்று. ஐரோப்பாவில் 61,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்த ஆராய்ச்சியொன்றில், ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குச் சாதனம் கர்ப்பப்பையின் சுவரைத் துளைத்தது தெரியவந்தது. பாலூட்டும் தாய்மாரிடத்தில் இந்த அபாயம் அதிகம்.

மனச்சோர்வைப்பற்றிய விவகாரம் இதைவிடச் சிக்கலானது. டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான முடிவு, ஹார்மோன் எதையும் உபயோகிக்காதவர்களைக் காட்டிலும் இந்தச் சாதனத்தை உபயோகித்தவர்கள் மனச்சோர்வு மருந்தை முதல்முறையாக நாடியது சுமார் 1.4 மடங்கு என்று கூறுகிறது. சாதனமே காரணமென்று பதிவேடுகளைக்கொண்டு மட்டும் ஸ்தாபிக்க முடியாது. வேறு காரணங்களும் உள்ளே புகுந்திருக்கலாம். ஆனால் ரத்தத்தில் மருந்து கலப்பது வெகு சொற்பம், ஆகையால் மனத்தைத் தொடாது என்று அடித்துச் சொல்லிவந்த வைத்தியர்கள், 'இது வந்ததிலிருந்து எனக்கு எதிலும் மனம் செல்லவில்லை' என்று சொல்லும் பெண்ணின் வார்த்தையைத் தள்ளிவிட இனிமேல் நியாயமில்லை.

தொடர்ந்து வைத்துக்கொண்டிருப்பதையே திருப்தியின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப்பற்றி எனக்குள்ள ஆட்சேபம் இங்கேதான் எழுகிறது. மாத்திரையை நிறுத்த நினைத்தவள் மறுநாளே நிறுத்திவிடலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். சாதனத்தை நிறுத்த நினைத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், காத்திருக்க வேண்டும், சில இடங்களில் பணமும் கட்டவேண்டும். 'இன்னும் மூன்று மாதம் பொறுத்துப் பாரம்மா, பழகிவிடும்' என்று திருப்பியனுப்பப்படவும் கூடும். அவ்வாறு திரும்பி வந்தவளும் கணக்கேட்டில் தொடர்ந்து உபயோகிப்பவளாகவே நிற்கிறாள். ஆகவே, எத்தனை பேர் வைத்துக்கொண்டார்கள் என்ற எண்ணோடு, எடுக்கச் சொல்லிக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு உடனே எடுக்கப்பட்டது என்ற எண்ணும் அருகில் எழுதப்பட்டிருக்கிற ஆராய்ச்சியையே நான் முழு நம்பிக்கையோடு படிக்கிறேன்.

எடுப்பது பெரும்பாலும் எளிய காரியம். பழுப்பு நிற இழைகள் கண்ணுக்குத் தெரிந்தால், இடுக்கியால் அவற்றைப் பற்றி மெதுவாக இழுத்தவுடன் சாதனத்தின் இரு கைகளும் மடங்கி வெளியே வந்துவிடும். ஒரு நிமிஷம் பிடிக்காது. உட்சவ்வு சில வாரங்களில் மீண்டும் வளரத் தொடங்கி, மாதவிலக்கு பழையபடி திரும்பும். குழந்தை வேண்டுமென்று எடுத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஓராண்டுக்குள் கருவுறுகிறார்கள். இந்த விவரங்களைப் பெண்கள் அறிந்துகொள்ளும் வேளை பெரும்பாலும் எடுக்க வந்து நிற்கும்போதுதான் வாய்க்கிறது; பொருத்திக்கொள்ள வந்து அமர்ந்திருக்கும்போதே, மாதவிலக்கு நிற்கலாம் என்ற செய்தியோடு சேர்த்து, 'வேண்டாமென்று நீ சொல்லும் நாளில் காரணம் கேட்காமல் எடுத்துத் தருகிறோம், அம்மா' என்பதும் சொல்லப்பட வேண்டும்.